லேபர் வார்டு இரவுகள்

மார்ச் 3

ராத்திரி ஷிப்டில் நான் மட்டும். உதவிக்கு ஆயா அக்கா. இரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் வலி முற்றிவிட்டது. இங்கே குழந்தை வெளியே வந்தாயிற்று, நஞ்சுக்கொடி இன்னும் விழவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தி, "சிஸ்டர், வந்துடுச்சு!" என்று கத்துகிறாள்.

பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு ஆக்சிடோசின் (கருப்பையை இறுக்கி ரத்தப்போக்கைத் தடுக்கும் ஊசி) 10 யூனிட் போட வேண்டும். குழந்தை மூச்சு விடவில்லை என்றால் அதே நிமிடத்துக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் பையை வைத்து மூச்சுக் கொடுக்கத் தொடங்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து எனக்கு இருப்பது இரண்டு கை. நல்லவேளை, இரண்டு குழந்தையும் பிறந்ததுமே அழுதன.

மார்ச் 4

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்கிறேன். நேற்றைய பார்ட்டோகிராப் (பிரசவம் நகர்வதை நேரப்படி குறிக்கும் தாள்) இரண்டையும் விடிந்த பிறகு உட்கார்ந்துதான் நிரப்பினேன். குழந்தையின் இதயத்துடிப்பை அரை மணிக்கு ஒருமுறை, முக்கும் கட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டும். கேட்டேன், முடிந்தபோதெல்லாம். தாளில் மட்டும் புள்ளிகள் கச்சிதமாக அரை மணிக்கு ஒன்றாக இருக்கின்றன. பிரசவம் தடைபடுவதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கத்தான் அந்தத் தாள். எல்லாம் முடிந்தபின் எழுதினால் அது வெறும் ஆபீஸ் காகிதம்.

மார்ச் 9

கூட்டத்தில் நல்ல சேதி சொன்னார்கள்: கூடுதலாக ஐந்து கட்டில் வருகிறதாம். கட்டிலா பிரசவம் பார்க்கும்?

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நாளுக்கு மூன்று ஷிப்டு, வாரத்துக்கு 21. ஒருவர் ஆறு பார்த்தால், ஷிப்டுக்கு ஓர் ஆள் நிறுத்தவே மூன்றரைப் பேர் தேவை. லீவு, பயிற்சி, காய்ச்சல் எல்லாம் சேர்த்தால் ஐந்து பேர் இல்லாமல் முடியாது. இரண்டு ஆள் என்றால் பத்து. எங்கள் பணியிடம் ஆறு. இரண்டு காலி, ஒருத்தி பிரசவ விடுப்பு (பிரசவம் பார்த்ததும் நாங்கள்தான்). மீதி மூன்று பேர், ஆளுக்கு வாரத்துக்கு ஏழு ஷிப்டு. வார விடுமுறை எங்கே போயிற்று என்று இப்போது புரிகிறது.

மார்ச் 14

காலை ஷிப்டு மாறும் நேரம். பிரசவம் முடிந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, கருப்பை இறுகவே இல்லை. கண்ணளவில் பார்த்தால் ரத்தப்போக்கைப் பெரும்பாலும் குறைத்துத்தான் மதிப்போம். போன மாதம் வந்த அளவுப் பையை (வழியும் ரத்தத்தைப் பிடித்து அளவு காட்டும் பை) தாய்க்கு அடியில் விரித்திருந்ததால் 500 மில்லியைத் தாண்டியது உடனே தெரிந்தது.

கருப்பையை மசாஜ் செய்வது, ஆக்சிடோசின், ரத்தம் உறைய உதவும் டிரானெக்ஸாமிக் அமிலம், குளுக்கோஸ் பாட்டில் அல்ல சலைன், கிழிசல் இருக்கிறதா என்று பார்ப்பது. இத்தனையையும் ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, ஒரே மூச்சில் செய்ய வேண்டும். இந்த முறையை நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் சோதித்து 2023இல் முடிவு வெளியிட்டார்கள்: கடும் ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. எங்களுக்கும் பலித்தது, ஷிப்டு மாறும் நேரம் என்பதால் இரண்டு பேர் இருந்தோம். நான்கு மணி நேரம் முன்னால் ஆகியிருந்தால்? யோசிக்கவே பிடிக்கவில்லை.

ரத்தம் ஏற்றப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஆம்புலன்ஸில் கூடப் போவது யார்? வேலைக்கு வந்தவள் போனாள். என் ஷிப்டு முடிந்த கையோடு அவளுடையதும் எனக்கு. மாலையில் போன் வந்தது, தாய் நலமாம்.

மார்ச் 17

இரவு மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பிரிட்ஜைத் திறக்காதே என்று கதவில் எழுதி ஒட்டினேன்.

மார்ச் 22

புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். ஒரு மாத டெபுடேஷன்தான், அப்புறம் திரும்பிப் போய்விடுவாள். பார்ட்டோகிராப் தாள் எங்கே அக்கா என்று கேட்டாள். புதுக் கட்டைப் பிரித்துக் கொடுத்தேன்.

நள்ளிரவு தாண்டி நான் ஒரு பிரசவத்தில் இருந்தபோது அடுத்த மேசையில் இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாள். 2.30க்கான புள்ளியை வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தேன். 2.30.