எண் இல்லாத கமாரோ: புது ஷெல்லிலிருந்து ஒரு 1969 வண்டி கட்டிய அனுபவம்

லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் என் கராஜில் ஒரு 1969 செவ்ரோலெட் கமாரோ காரைப் புது பாடி ஷெல்லிலிருந்து, அதாவது புதிதாகச் செய்த வெறும் தகரக்கூட்டிலிருந்து, கட்டி முடித்து, முறையாகப் பதிவும் செய்துவிட்டேன். விஷயம் தெரிந்த நண்பர்கள் எல்லோரும் முதலில் இன்ஜினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இதே வேலையில் இறங்க நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது காகிதங்களைப் பற்றி. அடுத்தது கதவு இடைவெளி. இன்ஜின் அதற்கப்புறம்தான்.

முதல் தலைமுறை கமாரோ 1967 முதல் 1969 வரை வந்தது. ஓஹையோவின் நார்வுட்டிலும், எங்கள் ஊர்ப்பக்கம் வான் நைஸிலும் தயாரித்தார்கள். வான் நைஸ் ஆலையை 1992-இல் மூடிவிட்டார்கள். 1969-இல் மட்டும் சுமார் 2,43,000 வண்டிகள் வந்தன. ஆகவே பழைய வண்டி கிடைக்காமல் இல்லை. கிடைப்பதன் நிலைமைதான் பிரச்சினை. முன்கண்ணாடிக்குக் கீழே காற்று போகும் சல்லடைக்குள் இலைதழை விழுந்து, மழைத்தண்ணீர் தேங்கி, அதற்கு அடியிலுள்ள கௌல் என்ற தகரப்பகுதி உள்ளுக்குள்ளேயே அரித்துப் போயிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பின்கண்ணாடியின் கீழ் மூலைகள், டிக்கியின் இரு ஓரங்கள், பின்சக்கரத்தை ஒட்டிய அடித்தகரம், தரை என்று துருவுக்குப் பிடித்த இடங்கள் வரிசையாக இருக்கின்றன. நான் பார்த்த வண்டிகளில் இவற்றையெல்லாம் வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வைத்தால், பழைய வண்டி என்று மிஞ்சுவது கூரையும் சில தூண்களும்தான். அதனால் ஷெல் என்று முடிவெடுத்தேன். டைனகார்ன் போன்ற நிறுவனங்கள் இந்தக் காலகட்டத்துக் கமாரோ, மஸ்டாங் ஷெல்களைப் புதுத் தகரத்தில் அடித்து, வெல்ட் செய்து விற்கின்றன.

ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். புது ஷெல்லுக்கு வின் எண், அதாவது வண்டியின் அடையாள எண், கிடையாது. அசல் 1969 கமாரோவில் டேஷ்போர்டின் இடது ஓரத்தில், முன்கண்ணாடி வழியாகத் தெரிகிற மாதிரி, 13 இலக்கத் தகடு இருக்கும். 124379 என்று தொடங்கினால் செவ்ரோலெட், வி8 கமாரோ, இரண்டு கதவுக் கூப்பே, 1969. அடுத்த எழுத்து என் என்றால் நார்வுட், எல் என்றால் வான் நைஸ். ஷெல்லில் அந்த இடம் வெறுமையாக இருக்கும்.

“துருப்பிடித்த கமாரோ ஒன்றை டைட்டில் என்ற உரிமைப் பத்திரத்தோடு வாங்கு, தகட்டைக் கழற்றி இதில் அடித்துவிடு” என்று சர்வசாதாரணமாக யோசனை சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வின் தகட்டைக் கழற்றுவதும் மாற்றுவதும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். முறையான பழுதுபார்ப்புக்கு விலக்கு உண்டு. முழு வண்டிக்கே வேறொரு வண்டியின் அடையாளத்தை ஒட்டுவது அதில் வராது. அசல் வண்டியில் தகட்டைத் தவிர பாடியில் மறைவாகவும் எண் குத்தியிருப்பார்கள். விவரம் தெரிந்தவர் அங்கேதான் முதலில் பார்ப்பார். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், நமக்குப் பிறகு அந்த வண்டியை அசல் 1969 என்று நம்பி வாங்குகிறவர் என்ன பாவம் செய்தார்?

கலிஃபோர்னியாவில் இதற்கு நேரான வழி ஒன்று இருக்கிறது. விற்பதற்காக இல்லாமல் சொந்த உபயோகத்துக்காகத் தானே கட்டிய வண்டியைத் தனி வகையாகப் பதிவு செய்யலாம். ‘ஸ்பெஷலி கன்ஸ்ட்ரக்டட் வெஹிக்கிள்’ என்று பெயர், சுருக்கமாக எஸ்பிசிஎன்எஸ் என்பார்கள். அதற்குப் பாகங்கள் எங்கிருந்து வந்தன என்று காட்ட வேண்டும். எனவே ஷெல் வந்த அன்றைக்கே ஒரு தடிமனான ஃபைல் போட்டேன். ஷெல், சப்ஃப்ரேம் (முன்பக்க இரும்புச் சட்டம்), இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாவற்றின் பில்லும் அதற்குள் போயின. செகண்ட் ஹேண்டில் வாங்கிய சில்லறைப் பொருட்களுக்குக்கூட விற்றவர் கையெழுத்தோடு ரசீது எழுதி வாங்கினேன். இன்ஜின் எண்ணையும் கியர்பாக்ஸ் எண்ணையும், அவை வண்டிக்குள் போய் மறைவதற்கு முன்பே படம் எடுத்து வைத்தேன்.

இனி தகர வேலை. எனக்கு வந்த ஷெல்லில் கதவுகளும் டிக்கி மூடியும் இருந்தன; ஃபெண்டர், பானெட், முன் சப்ஃப்ரேம் எல்லாம் தனியாக வாங்கியவை. கமாரோவுக்கு முழு சேஸி கிடையாது. இன்ஜின் அறையைப் பிரிக்கும் ஃபயர்வாலுக்குப் பின்னால் பாடியேதான் சேஸி. முன்பக்கத்துக்கு மட்டும் ஒரு சப்ஃப்ரேம், புஷ் வைத்து போல்ட்டில் பாடியோடு சேரும். அந்தச் சப்ஃப்ரேம் அரை விரல் கோணி உட்கார்ந்தால் ஃபெண்டர், பானெட், பம்பர் எல்லாமே கோணும். மூலைவிட்டங்களை அளந்து, இரண்டு பக்கமும் ஒத்துவரும் வரை தளர்த்தித் தட்டி, பிறகுதான் போல்ட்டை முறுக்கினோம். சப்ஃப்ரேமைப் பின்பக்க ரெயிலோடு இணைக்கும் கனெக்டர்களை, வண்டி தன் சக்கரத்தில் சமமாக நிற்கும்போது வெல்ட் செய்தோம். நான் போட்டது போலச் சக்தி அதிகமுள்ள இன்ஜினைப் போட்டால் இந்தக் கனெக்டர் கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து.

புது ஷெல் என்றால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஃபெண்டர் ஓரிடத்தில் செய்தது, கதவு இன்னோரிடத்தில் செய்தது. 1969-இல் ஆலையிலிருந்து வந்த வண்டிகளிலேயே இடைவெளிகள் ஒரே சீராக இருந்ததில்லை. நான் வைத்த இலக்கு சுற்றிலும் 4 முதல் 5 மில்லிமீட்டர். இதைச் சரிபார்க்கும்போது வண்டி ஸ்டாண்டில் நிற்கக் கூடாது. சக்கரத்தில் நிற்க வேண்டும், இன்ஜின் இருக்கும் இடத்தில் அதற்கு ஈடான எடையும் இருக்க வேண்டும். எடை ஏறினால் பாடி லேசாக வளைந்துகொடுக்கும், கதவு இடைவெளியும் அதோடு மாறும். முதலில் கதவைப் பின்பக்கத் தகரத்துக்கு ஏற்பக் கீலில் சரிசெய்து, பிறகு ஃபெண்டரைக் கதவுக்கும், பானெட்டை ஃபெண்டருக்கும் ஏற்ப வைத்தோம். இந்த வரிசையை மாற்றினால் முடிவே இல்லாமல் சுற்றிச்சுற்றி வருவீர்கள்.

இடதுபக்கக் கதவின் பின்விளிம்பு மேலே சரியாக இருந்தது, கீழே போகப்போக அகன்றது. கீலில் இனி அசைக்க இடமில்லை. பட்டி வைத்து மூடிவிடலாம்தான். விளிம்பில் வைத்த பட்டி, கதவு நாலு தடவை அடித்துச் சாத்தினால் உதிர்ந்துவிடும். அதனால் விளிம்பு நெடுகச் சின்னச் சின்ன வெல்டாக உலோகம் வைத்து, ஆறவிட்டு, கிரைண்டரில் தேய்த்து, மறுபடி இடைவெளியைப் பார்த்தோம். என்னோடு ராத்திரியெல்லாம் நின்ற திருநெல்வேலித் தம்பி ஒவ்வொரு தடவையும் “அண்ணே, இன்னொருக்கா சாத்துங்க” என்பான். காதை வைத்துக் கேட்பான். கடைசியில் ஒரே சத்தமாக, அதிர்வில்லாமல், கதவு போய் உட்கார்ந்தபோது இரண்டு பேருமே பேசவில்லை. திரும்பத் திரும்பச் சாத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெயிண்டுக்கு முன்னால் வண்டியை முழுசாக ஒருமுறை பூட்டிப் பாருங்கள். கண்ணாடி, ரப்பர், கிரோம் பட்டை, பம்பர், விளக்கு, இன்ஜின், எக்ஸாஸ்ட், ஸ்டியரிங் எல்லாமே. நான் வைத்தது செவ்ரோலெட்டின் தாய் நிறுவனமான ஜிஎம்மின் எல்எஸ்3 ‘கிரேட்’ இன்ஜின், அதாவது பெட்டியில் புதிதாக வரும் முழு இன்ஜின்; 6.2 லிட்டர், 430 குதிரைசக்தி. பழைய ஸ்மால் பிளாக் வி8 இன்ஜினுக்காகச் செய்த இடத்தில் இது நேராக உட்காராது. மவுண்டுக்கு அடாப்டர் தகடு வேண்டும். ஆயில் பேன் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரில் இடிக்கும், அதற்கென்று உள்ள பேனை வாங்க வேண்டும். ஏசி கம்ப்ரசர் கீழே இருந்தால் ஃப்ரேமில் முட்டும், மேலே தூக்க வேண்டும். ஊசி முறை எரிபொருளுக்குச் சுமார் 58 பிஎஸ்ஐ அழுத்தம் தேவை. டேங்குக்குள்ளேயே பம்ப் உள்ள புது டேங்க்தான் நிம்மதி. கியர்பாக்ஸ் ட்ரெமெக் டிகேஎக்ஸ், ஐந்து கியர். கியர்பாக்ஸுக்காகத் தரையின் நடுவே இருக்கும் மேடான டனலைப் பெரிதாக வெட்டாமல் உள்ளே போகும் என்பதற்காகவே ஆறு கியர் ஆசையை விட்டேன். பளபளக்கும் பெயிண்டுக்குப் பக்கத்தில் கிரைண்டர் பிடிக்கிற நிலைமை எவருக்கும் வர வேண்டாம்.

எல்லாம் பொருந்திய பிறகு மொத்தமும் கழற்றி, எபாக்சி பிரைமர், இணைப்புகளுக்கு சீலர், கடைசியில் அடர்பச்சை. பெயிண்டை நான் அடிக்கவில்லை, கைதேர்ந்தவரிடம் கொடுத்தேன். வயரிங்குக்குத் தயார் ஹார்னஸ் (வயர்க்கட்டு) கிடைக்கிறது. பாடிக்கும் இன்ஜினுக்கும் பேட்டரிக்கும் எர்த்தைத் தடியாகக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை வராது.

பதிவுக்கு வருகிறேன். மோட்டார் வாகனத் துறையான டிஎம்வியில் விண்ணப்பமும் கட்டுமான வாக்குமூலமும் கொடுத்த பிறகு, நெடுஞ்சாலைக் காவல்துறையான சிஎச்பி வண்டியை நேரில் பார்க்கும். வந்த அதிகாரி பில்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, டார்ச் அடித்து இன்ஜின் எண்ணையும் கியர்பாக்ஸ் எண்ணையும் பில்லோடு ஒப்பிட்டார். எல்லாம் சரியாக இருந்ததால் வண்டிக்குப் புது எண் ஒதுக்கப்பட்டது. பிரேக், விளக்குச் சோதனை தனி.

புகை விஷயத்தில் எஸ்பி 100 என்ற சட்டம் கைகொடுக்கிறது. இப்படிக் கட்டிய வண்டிகளில் ஆண்டுக்கு 500 வண்டிகளுக்கு மட்டும் வரிசை எண்ணிட்ட சான்று தருவார்கள். அது கையில் இருந்தால், வண்டியின் தோற்றத்தை வைத்து ஆண்டைக் கணிப்பதா, இன்ஜினை வைத்தா என்பது உரிமையாளரின் விருப்பம். எனக்குத் தோற்றம்தான் சாதகம். புகைச் சோதனைக்கான ரெஃப்ரி நிலையத்தில் 1969 என்று தீர்மானித்தார்கள். 1975 வரையிலான வண்டிகளுக்கு இரண்டாண்டுப் புகைச் சோதனை கிடையாது. இந்தச் சான்றுகள் ஜனவரியில் ஆண்டின் முதல் வேலைநாளிலிருந்து வழங்கப்படுகின்றன. அதற்குள் காகிதங்களைத் தயாராக வைத்துக்கொண்டு, அன்றைக்கே டிஎம்வி வாசலில் நில்லுங்கள்.

என் பதிவுப் பத்திரத்தில் தயாரிப்பாளர் இடத்தில் செவ்ரோலெட் என்று இல்லை, எஸ்பிசிஎன்எஸ் என்றுதான் இருக்கிறது. எனக்கு அதில் குறையே இல்லை, வண்டி என்னவோ அதைத்தான் பத்திரம் சொல்கிறது. இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது சாதாரண பாலிசி வேண்டாம், முன்கூட்டியே மதிப்பை ஒப்புக்கொள்ளும் பாலிசியாகக் கேளுங்கள். அவர்களும் ஒவ்வொரு கட்டத்தின் படங்களையும் பில்களையும்தான் கேட்டார்கள். சிஎச்பிக்காகச் சேர்த்த அதே ஃபைலை எடுத்துக் கொடுத்தேன்.