அக்கா மகளுக்குச் சீன எழுத்து: இதுவரை வந்திருப்பது

என் அக்கா மகள் இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை 2 படிக்கிறாள். பள்ளியில் அவளுக்குத் தாய்மொழிப் பாடம் தமிழ். சீனம் அவளுக்குப் பாடமும் இல்லை, தேர்வும் இல்லை. ஆனால் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் வளரும் பிள்ளைக்கு மின்தூக்கியில் ஏறினாலும் உணவங்காடிக்குப் போனாலும் சீனம் காதில் விழும், கண்ணில் படும். "சித்தி, அங்க என்ன எழுதியிருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தாள். நான் வேலைக்காக மாண்டரின் படித்தவள். சரி, விளையாட்டாகச் சொல்லித் தரலாம் என்று சனிக்கிழமை சாயங்காலங்களில் உட்கார்ந்தோம்.

பாடப்புத்தக வரிசையை நான் எடுக்கவில்லை. கீழே இறங்கினால் கண்ணில் படுகிற எழுத்துதான் முதலில். சனிக்கிழமை எழுதியதை ஞாயிற்றுக்கிழமை கடைப்பலகையில் பார்த்தால் அது மறக்காது.

ரோமன் எழுத்தில் ஒலியைக் குறிக்கும் பின்யின் முறையையும் தள்ளிவைத்திருக்கிறேன். 1958இல் சீனா ஏற்றுக்கொண்ட நல்ல முறை அது. ஆனால் ஆங்கிலம் சரளமாக வாசிக்கும் பிள்ளை அதில் உள்ள 'எக்ஸ்', 'கியூ' எல்லாவற்றையும் ஆங்கிலம் போலவே வாசித்துவிடும். முதலில் காது பழகட்டும். தமிழ் பேசும் வாய்க்குச் சில ஒலிகள் சும்மாவே வருகின்றன. பின்யினில் 'b' போட்டு எழுதும் ஒலி ஆங்கில 'b' அல்ல, நம் 'பால்' என்ற சொல்லின் முதல் ஒலி. மனிதரைக் குறிக்கும் 'ரென்' என்ற சொல்லின் முதல் ஒலி நம் ழகரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. ழகரம் சுத்தமாக வரும் பிள்ளைக்கு அதில் பாதி வேலை மிச்சம். மூச்சை ஊதிச் சொல்லும் பகரம்தான் நம்மிடம் இல்லாதது. அதற்கு ஒரு டிஷ்யூ தாளை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு சொல்லச் சொன்னேன். தாள் ஆடினால் சரி. அவள் மேசை மேல் இருந்த தாளையெல்லாம் பறக்கவிட்டாள்.

சீனத்தில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லின் பொருளே மாறும். அந்த நான்கு தொனிகளையும் கையால் காட்டிப் பழக்கினேன். சமமாக இழுப்பது முதல் தொனி. 'ஆங்?' என்று திருப்பிக் கேட்கும்போது ஏறுகிறதே, அது இரண்டாவது. அடித்தொண்டையில் தணிவது மூன்றாவது. 'போ!' என்று அதட்டுவது நான்காவது. நான்காவது உடனே வந்துவிட்டது. மூன்றாவது இன்னும் ஆட்டம் காண்கிறது. வணக்கம் சொல்லும் 'நி ஹாவ்' என்பதில் இரண்டுமே மூன்றாம் தொனி, அப்படிச் சேர்ந்து வந்தால் முன்னது இரண்டாவதாக ஏறிவிடும். இந்த விதியை நான் சொல்லவே இல்லை. முழுத் தொடராகக் காதில் ஏற்றினேன், தானாகச் சரியாக வந்தது.

வாழ்த்துச் சொற்களில் ஒன்றை எல்லாப் பெற்றோருக்கும் சொல்ல ஆசை. 'நி ஹாவ்' மட்டும் சொல்லிக்கொடுத்து நிறுத்திவிடாதீர்கள். பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் வெறும் 'நி ஹாவ்' சொல்வது அவ்வளவு அழகில்லை, முறைவைத்துக் கூப்பிட வேண்டும். அம்மா வயதுக்காரர் 'ஆயி', அப்பா வயதுக்காரர் 'ஷூஷு', பாட்டி வயதுக்காரர் 'போபோ'. அப்புறம் 'ஹாவ்' சேர்க்க வேண்டும், காலையில் என்றால் 'ட்ஸாவ்'. ஆசிரியருக்கு 'லாவ்ஷி ஹாவ்'. ஆயி, ஷூஷு இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை, அன்றைக்குப் பாடம் அதோடு முடிந்தது. பாட்டியிடம் போய் "போ போ" என்று சொல்வதா என்று வேறு கவலை! அதற்கும் டிஷ்யூ தாள்தான் உதவியது. மூச்சு சேர்ந்து, முதல் 'போ' ஏறி, இரண்டாவது லேசாக விழுந்தால் அது நம் 'போ' இல்லை என்று அவளுக்கே கேட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் மின்தூக்கியில் "போபோ ட்ஸாவ்" என்றாள். அவர் குனிந்து அவள் கன்னத்தைத் தட்டி, மளமளவென்று ஏதோ கேட்க ஆரம்பித்துவிட்டார். இவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் முகம் பூரித்துப்போனது.

எழுதுவதற்கு, புத்தகக் கடைகள் உள்ள பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் கட்டம் போட்ட நோட்டு வாங்கினேன். ஒவ்வொரு சதுரமும் குறுக்கே நெடுக்கே கோடிட்டு நான்காகப் பிரிந்திருக்கும். எழுத்து கட்டத்தின் நடுவில் நிற்கிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா என்று பிள்ளைக்கே தெரியும்.

ஒன்று, இரண்டு, மூன்றுக்குப் படுத்த கோடுகள். பத்துக்குச் சிலுவை. மனிதருக்கு இரண்டு சாய்கோடு. அந்த மனிதருக்குக் குறுக்கே கைபோல் ஒரு கோடு போட்டால் 'பெரிய'. அதற்கு மேல் இன்னொரு கோடு போட்டால் வானம், 'தியென்'. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் கற்றுக்கொண்டாள்.

'வாய்' என்ற எழுத்து பார்க்க வெறும் சதுரம், ஆனால் அதில் நான்கு கோடு இல்லை, மூன்றுதான். இடது பக்கம் மேலிருந்து கீழே ஒன்று. மேற்பக்கமும் வலப்பக்கமும் கையெடுக்காமல் ஒரே கோடு. கடைசியில் அடியை மூட ஒன்று. கணக்கு நோட்டில் போடுவதுபோல் ஒரே சுற்றில் வரைந்துவிட்டு, "அதே மாதிரிதானே இருக்கு?" என்று வாதாடினாள். நான் விடவில்லை. கோட்டு வரிசை கைக்கு வந்தால்தான் பெரிய எழுத்தை எழுத முடியும், அகராதியில் தேடவும் கோடுகளை எண்ணத் தெரிய வேண்டும். 'சூரியன்' வந்தபோது அவளுக்கே காரணம் புரிந்தது: பெட்டியின் உள்ளே ஒரு கோடு, அது உள்ளே வந்த பிறகுதான் அடிக்கோடு. ஆள் உள்ளே வந்ததும் கதவைச் சாத்து என்று சொல்லிவைத்தேன்.

சூரியனுக்குக் கீழே பத்து எழுதினால் 'ட்ஸாவ்', காலை. பக்கத்து வீட்டுத் தாத்தா வாசிக்கும் நாளிதழின் பெயர் லியன்ஹ ட்ஸாவ்பாவ், தலைப்பில் மூன்றாவது எழுத்து அதுதான். அதை அவள் தானாகவே கண்டுபிடித்தாள், நான் காட்டவில்லை.

தெலுக் ஆயர் சாலையில் நாகூர் தர்காவுக்குப் போயிருந்தபோது, சில கட்டடம் தள்ளியுள்ள தியன் ஹாக் கெங் சீனக்கோயிலையும் பார்த்தோம். வாசல் பலகையை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். வலது ஓரத்தைப் பார்த்து "வானம்!" என்றாள். மற்ற இரண்டும் அவளுக்குத் தெரியாது. கடைசி எழுத்து பழைய வடிவம். சிங்கப்பூர் 1969இல் எளிய வடிவங்களுக்கு மாறத் தொடங்கியது, 1976இல் சீனாவின் பட்டியலையே ஏற்றுக்கொண்டது. கோயில் பலகைகளில் பழையது அப்படியே நிற்கிறது. இதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் தாங்கள் படித்தது தப்போ என்று குழம்புவார்கள்.

குழப்பம் வந்த இடம் வேறு. சைனாடவுன் பக்கம் ஒரு கட்டட வாசலில் 'நுழைவாயில்' என்ற இரண்டு எழுத்தைப் பார்த்து "மனிதர், வாய்" என்று வாசித்தாள். மனிதரில் இடது சாய்கோடு உச்சியிலிருந்து இறங்கும். 'நுழை' என்பதில் வலது சாய்கோடு இடதைத் தாண்டி மேலே நிற்கும். வித்தியாசம் ஒரு சின்ன முனை அளவுதான். அவள் சொன்னதும் சீனத்தில் உள்ள சொல்தான், மக்கள்தொகை என்று பொருள். வீட்டுக்கு வந்து இரண்டையும் அடுத்தடுத்த கட்டத்தில் எழுதிப் பழகினாள்.

இப்போதைய நிலவரம்: ஈரத் தரையில் வைக்கும் மஞ்சள் பலகையில் 'சிறிய', 'இதயம்' இரண்டையும் சேர்த்து 'ஷியாவ்ஷின்', கவனம், என்று வாசிக்கிறாள். 'பெண்'ணையும் 'பிள்ளை'யையும் ஒட்டி 'ஹாவ்', நல்ல, என்று எழுதுகிறாள், பெண் கொஞ்சம் குண்டாகிப் பிள்ளைக்கு இடம் பற்றவில்லை. 'ஷியெஷியெ'யில் வரும் நன்றி எழுத்துக்குப் 12 கோடு, அது வாயளவில் இருக்கட்டும். 'நீ' என்று பொருள்படும் 'நி'க்குக் கீழே இதயம் போட்டு 'நின்' ஆக்கினால் ஒருவரை மரியாதையாக அழைக்கும் சொல், ஒருவரிடம் நாம் சொல்லும் 'நீங்கள்' போல என்றதும் பிடித்துக்கொண்டாள்.

அடுத்து எழுத்தின் இடப்பக்கம் வரும் மூன்று புள்ளி நீர்க்குறி. ஆறு, கடல் எல்லாம் அதில் வரும். அதற்கு முன் 'தண்ணீர்' எழுத்தின் நடுக்கோட்டுக் கொக்கி இடப்பக்கம் திரும்ப வேண்டும், இன்னும் வலப்பக்கமே போகிறது.