நேட் ஒரு வேலி இல்லை

கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸில் புது விஎம் (மெய்நிகர் கணினி) உருவாக்கினால், அதன் நெட்வொர்க் கார்டு நேட் முறையில்தான் இருக்கும். வெளியிலிருந்து யாரும் நேரே உள்ளே வர முடியாதே என்று பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மால்வேர் (தீங்கு செய்யும் மென்பொருள்) போன்றவற்றை ஓட்டிப் பார்க்கும் சோதனைக்கூடத்தில் பயம் எதிர்த்திசையில், விஎம் வெளியே போவதில் அல்லவா? விஎம் கேட்கும் ஒவ்வொரு இணைப்பையும் உங்கள் கணினியே தன் பெயரில் திறந்து கொடுக்கிறது. ஆகவே கணினி எட்டும் இடமெல்லாம் விஎம்மும் எட்டும்: ரவுட்டரின் நிர்வாகப் பக்கம், பிரிண்டர், அலுவலகத்தோடு இணைக்கும் விபிஎன் ஓடினால் அலுவலக சர்வர்கூட.

பிரிட்ஜ் முறை பற்றிப் பேசவே வேண்டாம், அதில் விஎம் வீட்டு லேனில் (வீட்டுக்குள் இருக்கும் நெட்வொர்க்கில்) இன்னொரு கணினி. விஎம்களையும் உங்கள் கணினியையும் மட்டும் இணைக்கும் ஹோஸ்ட்-ஒன்லி முறையில் இணையம் கிடையாது, ஆனால் 192.168.56.1 என்ற முகவரியில் உங்கள் கணினி எதிரிலேயே நிற்கும். உங்கள் கணினி நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டர், திறந்து கிடக்கும் டேட்டாபேஸ் எல்லாம் கண்ணில் படும்.

சோதனை விஎம்களை, விஎம்களுக்குள் மட்டுமே பேசும் இன்டர்னல் நெட்வொர்க்கில் போட்டு, வாசலில் ஓபிஎன்சென்ஸ் ஃபயர்வால் (போக்குவரத்தை வடிகட்டும் காவல் மென்பொருள்) ஓடும் விஎம் ஒன்றை நிறுத்துவதுதான் சரி. 2 ஜிபி ரேம், 16 ஜிபி டிஸ்க் போதும். அதற்கு இரண்டு கார்டு: ஒன்று நேட், மற்றது இன்டர்னல். சோதனை விஎம்மிலும் ஃபயர்வாலிலும் கொடுக்கும் இன்டர்னல் நெட்வொர்க் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் எந்த எச்சரிக்கையும் வராது, இரண்டு தனி நெட்வொர்க் ஆகிவிடும். தானாக வரும் பெயரை மாற்றாமல் விட்டால் இரண்டு சோதனைக்கூடங்கள் ஒன்றாகக் கலந்துவிடும். எந்தக் கார்டு வான் (வெளிப்பக்கம், நேட்), எது லேன் (உள்பக்கம், இன்டர்னல்) என்பதை ஒவ்வொரு கார்டுக்கும் உரிய மேக் முகவரியை வைத்து உறுதி செய்யுங்கள்; வரிசையை நம்ப வேண்டாம்.

ஓபிஎன்சென்ஸின் லேன் முகவரி 192.168.1.1 என்றே வரும். வீட்டு ரவுட்டருக்கும் அதே எண் இருந்தால், சோதிக்கும்போது பதில் சொல்வது எது என்றே தெரியாது. 192.168.77.1 போல மாற்றிவிடுங்கள்.

இனி லேன் விதிகள், அதாவது சோதனை விஎம்கள் எங்கே போகலாம் என்று ஃபயர்வாலில் எழுதுபவை. மேலிருந்து முதலில் பொருந்துவதே செல்லும், அதனால் வரிசைதான் எல்லாம். முதலில் ஃபயர்வாலின் 53-ஆம் போர்ட்டுக்கு அனுமதி; தளப் பெயரை ஐபி முகவரியாக்கும் டிஎன்எஸ் அதில்தான் ஓடும். அடுத்து வீடு, அலுவலக நெட்வொர்க்குகள் பயன்படுத்தும் தனியார் முகவரிகளான 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 மூன்றுக்கும் தடை. கடைசியில்தான் பொது அனுமதி. முதல் விதியை மறந்தால் டிஎன்எஸ் செத்துப்போகும், இணையமே இல்லை என்று தோன்றும். 10.0.2.2 வான் பக்கத்து கேட்வே (வெளியே போகும் வாசல்) ஆயிற்றே, 10-ஐத் தடுத்தால் வழி அடைபடாதா? அடைபடாது. விதி பார்ப்பது பாக்கெட் போய்ச் சேரும் முகவரியை, இடையில் கடக்கும் கேட்வேயை அல்ல. புது வகை ஐபி முகவரியான ஐபிவி6-க்குத் தனியாக ஒரு பொது அனுமதி இருக்கும், அதை நீக்கிவிடுங்கள்.

தடை போட்ட பிறகும் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) ஓடிக்கொண்டே இருந்தால் விதியைச் சந்தேகிக்காதீர்கள். பழைய இணைப்பின் நிலை நினைவில் இருக்கிறது; அதை வைத்திருக்கும் ஸ்டேட் டேபிளை அழித்துவிட்டு மறுபடி பாருங்கள்.

குளோன் (நகல்) எடுத்த உபுண்டு சர்வர்கள் இரண்டுக்கும் ஒரே ஐபி வருவது இன்னொரு தலைவலி. மேக் வேறாக இருந்தும் இப்படி நடக்கும், ஏனென்றால் ஐபி வழங்கும் டிஎச்சிபியிடம் சர்வர் காட்டும் அடையாளம் மெஷின்-ஐடி கோப்பிலிருந்து பிறக்கிறது, குளோனிலும் அதே கோப்புதான் இருக்கும். குளோன் எடுக்கும் முன் அந்தக் கோப்பைக் காலியாக்குங்கள், கோப்பையே அழித்துவிடாதீர்கள்.

மால்வேர் ஓட்டும் நேரத்தில் ஃபயர்வாலின் நேட் கார்டில் 'கேபிள் இணைப்பு' டிக்கை எடுத்துவிடலாம். விஎம்மை நிறுத்த வேண்டியதில்லை. விர்ச்சுவல்பாக்ஸே தரும் பகிர்ந்த ஃபோல்டரும் கிளிப்போர்டும் நெட்வொர்க் வழியே போவதில்லை, எந்த விதியும் அவற்றைத் தடுக்காது. அவற்றை விஎம் அமைப்பிலேயே அணைக்க வேண்டும்.