சோப்புத் தண்ணீரில் செத்த காசநோய்க் கிருமி

ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வருஷம் எனக்குக் கொடுத்த வேலை கேட்கச் சின்னதுதான். காசநோய்க் கிருமிக்கு, அதாவது அதில் வீரியம் போன எச்37ஆர்ஏ வகைக்கு, சர்க்கரையோ கிளிசராலோ தராமல் ஓலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை மட்டும் தந்து வளர்க்க வேண்டும். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா 20 நிமிஷத்தில் இரண்டாகிவிடும், இதற்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், அதனால் செய்தது தப்பு என்று தெரியவே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

முதல் தடவை காலை வாரியது ஒப்பிட்டுப் பார்க்க வைத்த கண்ட்ரோல். சாப்பாடே போடாத குடுவை, கலங்கலாக வளர்ந்து நிற்கிறது. எதிலோ சர்க்கரை கலந்துவிட்டது என்று எல்லா பாட்டிலையும் கொட்டிக் கழுவினேன். சீனியர் அக்கா எட்டிப் பார்த்து, "ட்வீன் 80 போட்டியா?" என்றார். போட்டேன், கிருமிகள் கட்டி கட்டியாகாமல் இருக்க எல்லோரும் போடுவதுதானே. "அது எதுல செஞ்சதுன்னு பாரு." ஓலிக் அமிலம் கோத்த பொருள்தான் அது! கிருமி அதை வெட்டி எடுத்துச் சாப்பிட்டிருக்கிறது. நான் பட்டினி போட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, ட்வீனுக்குப் பதில் கொழுப்பு அமிலம் இல்லாத டைலாக்சபால். இந்த முறை சோடியம் ஓலியேட்டை நேராக ஊற்றினேன். குலுக்கியதும் நுரைத்தது, நுரைக்காமல் என்ன செய்யும், அது சோப்புதானே. மூன்று வாரம் கழித்தும் குடுவை தெளிவாகவே இருந்தது. தட்டில் பரப்பி இன்னும் நாலு வாரம் பார்த்தேன், ஒரு காலனி இல்லை. தனியாகத் திரியும் கொழுப்பு அமிலம் கிருமியின் சவ்வையே குலைத்துவிடும், ஆல்புமின் என்ற புரதம் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும். இந்தக் கிருமியை வளர்க்கும் மிடில்புரூக் மீடியாவில் சேர்க்கும் கலவையில் இரண்டும் ஒன்றாக வருவது அதற்குத்தான். நான் ஆல்புமினை ஏதோ சத்துப் பொடி என்று நினைத்துப் போடாமல் விட்டிருந்தேன்.

அந்த நாலு வாரத்தில்தான் உட்கார்ந்து படித்தேன். எலியின் நுரையீரலிலிருந்து எடுத்த கிருமி சர்க்கரையைக் கண்டுகொள்ளாமல் கொழுப்பு அமிலத்துக்குத்தான் சுறுசுறுப்பாகிறது என்று சீகல், பிளாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956லேயே காட்டியிருக்கிறார்கள். 1998ல் இந்தக் கிருமியின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது கொழுப்பு அமில வேலைக்கு மட்டும் சுமார் 250 நொதிகள் இருந்தன, ஈ.கோலையில் 50தான். நுரையீரலில் இது தங்கும் மேக்ரோஃபேஜ் என்ற, கிருமிகளை விழுங்கும் செல்லே பல சமயம் கொழுப்புத் துளிகளால் ஊதியிருக்கும். அந்தக் கொழுப்பு அமிலத்தைக் கிருமி இரண்டிரண்டு கார்பனாக நறுக்கும், நறுக்கியதை எல்லாம் எரித்துவிட்டால் உடம்பு கட்ட ஒன்றும் மிஞ்சாது என்பதால் ஐசோசிட்ரேட் லையேஸ் என்ற நொதியை வைத்துக் குறுக்கு வழியில் போகும். அந்த நொதிக்கான இரண்டு மரபணுக்களையும் எடுத்துவிட்டால் எலிக்குள் அதனால் வளர முடியவில்லை. கொலஸ்ட்ராலைத் தின்றாலும் சிக்கல், மூன்று கார்பன் துண்டு வருகிறது, சேர்ந்தால் அதுவே விஷம், ஆனால் கெட்டிக்காரக் கிருமி அதில் ஒரு பங்கைத் தன் சுவர்க் கொழுப்பாக மாற்றிக்கொள்கிறது.

மூன்றாம் முறை ஆல்புமினோடு வைத்தேன். பத்து நாளில் கலங்கியது. சந்தோஷமாக அக்காவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் குடுவையைப் பார்க்கவில்லை, ஆல்புமின் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். சாதாரண ஆல்புமின் தன்னோடு கொழுப்பு அமிலத்தை ஒட்டிக்கொண்டே வரும், கொழுப்பு நீக்கியது தனியாக விற்கிறார்கள், விலையும் கூட. அதை வாங்கித் தரச் சொல்லி மறுபடி இண்டென்ட் எழுத உட்கார்ந்தேன்.