தெருமுனைக்கு ஒரு வெள்ளைக் கட்டம்

இடுப்பெலும்பு முறிந்து அம்மா சக்கர நாற்காலிக்கு வந்த பிறகுதான், எங்கள் தெருவின் நடைபாதை எவ்வளவு குறுகல் என்று எனக்கு உறைத்தது. நாங்கள் இருப்பது லண்டனில், ரயில் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில். ரயிலைப் பிடிக்க ஓடி வருகிறவர்கள், ஆப்பில் வாடகைக்கு எடுத்து, போன இடத்திலேயே விட்டுவிடும் மின்சைக்கிளை எங்கள் தெருமுனையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். அதுவும் நடைபாதை சாலைக்குச் சரிந்து இறங்கும் அந்த இடத்தில். அதை அடைத்துவிட்டால் சக்கர நாற்காலிக்கு வேறு வழி கிடையாது.

போன பிப்ரவரியில் ஒருநாள், காலை எட்டரை மணி இருக்கும், மருத்துவமனைக்குக் கிளம்பினோம். மூன்று சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடந்தன. ஒவ்வொன்றும் 35 கிலோ பக்கம் வரும். பயணத்தை முடித்ததும் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும் என்பதால் உருட்ட முடியாது, பின்பக்கத்தைத் தூக்கியே நகர்த்த வேண்டும். தூக்கினால் பீப் பீப் என்று கத்த ஆரம்பிக்கும். மழை வேறு. இரண்டை நகர்த்திவிட்டேன், மூன்றாவதன் பெடல் இன்னொன்றின் கம்பிகளுக்குள் சிக்கிக்கொண்டது. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி அம்மா, “விடுப்பா, வீட்டுக்கே போயிடலாம்” என்றார். அந்த அப்பாயின்ட்மென்ட் போய்விட்டது. அடுத்தது கிடைக்க ஏழு வாரம் ஆனது.

இந்த சைக்கிள்கள் மேல் எனக்குப் பகை இல்லை. இரவு ஷிஃப்ட் முடிந்து பேருந்துக்கு அரைமணி நேரம் காத்திருப்பதற்குப் பதில், நானே இதில்தான் வீடு வருவேன். அவை தெருவில் இருக்கட்டும், ஆனால் நிற்க ஓர் இடம் வேண்டும். நான் கேட்டது அதைத்தான்.

முதலில் சைக்கிளை வாடகைக்கு விடும் நிறுவனத்திடம் புகார் கொடுத்தேன். சைக்கிளின் எண்ணையும் படத்தையும் ஆப்பில் அனுப்பினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் எடுத்துவிடுவார்கள். ஆனால் மறுநாள் காலை அதே இடத்தில் வேறொன்று நிற்கும். டக் டக் என்று சத்தம் போட்டுக்கொண்டு போகும் சைக்கிள்களைக் கேட்டிருப்பீர்கள். அவை பணம் கட்டாமல் பூட்டை உடைத்து ஓட்டப்படுபவை. அவற்றை யார் விட்டுப் போனது என்று நிறுவனத்தாலேயே சொல்ல முடியாது.

அடுத்து எங்கள் பகுதி உள்ளாட்சியான கவுன்சிலுக்கு எழுதினேன். மூன்று வாரம் கழித்து வந்த பதிலில், இந்த நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்கவோ மறுக்கவோ தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று இருந்தது. தட்டிக்கழிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். விசாரித்துப் பார்த்தால் உண்மைதான். வாடகை மின்சைக்கிளுக்கு உரிமம் வழங்க இங்கிலாந்தில் சட்டமே இருக்கவில்லை. 2025 ஜூலையில் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதாவில்தான் அதற்கு வழி செய்தார்கள். அதுவரை நிறுவனத்தோடு ஒப்பந்தம் பேசுவதுதான் கவுன்சில்களுக்கு இருந்த வழி. வடமேற்கு லண்டனில் பிரெண்ட் கவுன்சில் 2024 செப்டம்பரில் ஒரு நிறுவனத்துக்குக் கெடு வைத்தது, அக்டோபர் கடைசிக்குள் சரிசெய்யாவிட்டால் வெளியேறு என்று. பிறகு பேசி, சைக்கிளுக்கென்றே ஒதுக்கிக் குறித்த கட்டங்களில் நிறுத்தும் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். ஆக, அதிகாரம் இல்லாமலும் அழுத்தம் கொடுக்கலாம். இது தெரிந்ததும்தான் எனக்குத் தெம்பு வந்தது.

தினமும் காலையில் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். தேதி, நேரம், எத்தனை சைக்கிள், சரிவை அடைத்திருந்ததா இல்லையா, புகார் எண். ஆறு வாரம் விடாமல் எழுதினேன். இந்த வழியில் இறங்குகிறவர்களுக்கு முதலில் சொல்வேன், நோட்டு போடுங்கள். படம் மட்டும் போதாது. “எப்போதாவது நடக்கிறது” என்று சொல்லிவிட முடியாதபடி அந்த நோட்டுதான் செய்தது.

எங்கள் வார்டு கவுன்சிலர் மாதம் ஒருமுறை நூலகத்தில் மக்களைச் சந்திப்பார். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் பேசியதைவிட அம்மா அங்கே உட்கார்ந்திருந்ததுதான் அதிகம் பேசியது. கவுன்சிலர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு யோசனை சொன்னார். ஒன்று, கடிதத்தில் 2010-ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தைக் குறிப்பிட வேண்டும். மாற்றுத்திறனாளிகளைப் பாதிக்கும் விஷயத்தில் அதைக் கருத்தில் கொள்வது கவுன்சிலின் கடமை. இன்னொன்று, “சைக்கிளை எடுங்கள்” என்று கேட்காதீர்கள், “சாலையில் கட்டம் போட்டுத் தாருங்கள்” என்று கேளுங்கள் என்றார். ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்து சைக்கிள் நிற்கும். கட்டம் வந்துவிட்டால், அதைச் சுற்றி வேறெங்கும் பயணத்தை முடிக்க முடியாதபடி நிறுவனம் ஆப்பில் தடை வைக்கலாம்.

பிறகு நீண்ட காத்திருப்பு. இடத்தை அளந்து போனார்கள், அப்புறம் பேச்சே இல்லை. இரண்டு முறை நினைவூட்டினேன். அக்டோபரில் விளக்குக் கம்பத்தில் ஒரு மஞ்சள் அறிவிப்பைக் கட்டினார்கள், பரிசோதனைப் போக்குவரத்து ஆணை என்று. ஒரு மாற்றத்தைத் தற்காலிகமாகச் செய்து பார்க்கும் உத்தரவு அது. அதிகபட்சம் 18 மாதம் செல்லும், முதல் ஆறு மாதத்துக்குள் யாரும் ஆட்சேபம் எழுதலாம். அந்த வாரக் கடைசியிலேயே வெள்ளைக் கோடு போட்டுவிட்டார்கள். பெயின்ட் காயும் வரை அம்மா ஜன்னலை விட்டு நகரவில்லை.

இப்போது பத்தில் எட்டு நாள் வழி திறந்திருக்கிறது. மற்ற நாளில், கட்டத்துக்கு இரண்டு மீட்டர் தள்ளி நடைபாதையில் ஒன்று நிற்கும். ஜிபிஎஸ்ஸுக்கு அந்த இரண்டு மீட்டர் தெரிவதில்லை.

முனைக் கடைக்காரர் ஆட்சேபம் எழுதியிருக்கிறார். அவருடைய வாடிக்கையாளர்கள் கார் நிறுத்திய இடம் அது, அவர் வருத்தமும் நியாயம்தான். சரக்கு வேன் நிற்க எதிர்ப்பக்கம் அரைமணி நேர இடம் கேட்கலாம் என்று அவரிடம் சொன்னேன், சேர்ந்தே எழுதுவோம் என்றிருக்கிறார். ஏப்ரல் வரை நேரம் இருக்கிறது. நோட்டை நான் இன்னும் நிறுத்தவில்லை.