ஃபியூச புடுங்குனா எவன் வெளிய வருவான்?

வேக்கோ பத்தின டாக்குமெண்டரின்னாலே அந்தக் கடைசி நாள் தீயத்தான் திரும்பத் திரும்ப போடுறாங்க. எனக்கென்னமோ அதுக்கு முன்னாடி நடந்த போன் பேச்சுலதான் கதையே இருக்குன்னு படுது.

தெரியாதவங்களுக்கு: 1993 பிப்ரவரி 28, அமெரிக்காவுல டெக்ஸாஸ்ல வேக்கோ ஊர் பக்கத்துல டேவிட் கோரேஷ்ங்கிற சாமியார் கூட்டத்தோட எடத்துல துப்பாக்கி தேட போலீஸ் போய், சண்டையாகி நாலு அதிகாரிங்க, கோரேஷ் பக்கம் ஆறு பேர் செத்தாங்க. அப்புறம் அமெரிக்க மத்திய போலீஸான எஃப்பிஐ வந்து 51 நாள் முற்றுகை, நடுவுல உள்ள இருக்கவங்களோட போன்ல பேச்சு. ஏப்ரல் 19 கண்ணீர் புகை, தீ, 76 பேர் காலி, அதுல நெறைய கொழந்தைங்க.

நடுவுல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. மார்ச் 12 ரெண்டு பேர் வெளிய வந்தாங்க, அன்னிக்கு ராத்திரியே கரண்ட் கட். 21ந்தேதி ஏழு பேர் வந்தாங்க, அன்னிக்கு ராத்திரி பெரிய ஸ்பீக்கர் வச்சு காது கிழியுற மாதிரி பாட்டு. எஃப்பிஐக்குள்ளயே போன்ல பேசுறவன் ஒரு டீம், துப்பாக்கியோட நிக்கிறவன் ஒரு டீம், ரெண்டுக்கும் ஒத்துவரல. 2023ல நெட்ஃப்ளிக்ஸ்ல வந்த மூணு எபிசோட் டாக்குமெண்டரில இந்த ரெண்டு டீம் சண்டை வருது, ஆனா மியூசிக்க போட்டு அமுக்கிட்டாங்க.

எங்க சித்தப்பா மன்னார்குடி பக்கம் ஏட்டா இருந்து ரிட்டயர் ஆனவரு, கூட உக்காந்து பாத்துட்டு கடுப்பாயிட்டாரு. "ஏன்டா தம்பி, வெளிய வந்தவனுக்கு டீ வாங்கிக் குடுத்து உக்கார வச்சாதானடா உள்ள இருக்கவன் நம்புவான், ஃபியூச புடுங்குனா எவன்டா வருவான்?" தாசில்தார் உள்ள அமைதிப் பேச்சு நடத்தும்போது வெளிய லத்திய ஓங்கக்கூடாதும்பாரு. அதுக்காக கோரேஷுக்கு பாவம் பாக்கல, சின்னப் பொண்ணுங்கள கட்டிக்கிட்டவன் அவன்.

1997ல வந்த 'வேக்கோ: த ரூல்ஸ் ஆஃப் எங்கேஜ்மெண்ட்' டாக்குமெண்டரி, கடைசி நாள்ல எஃப்பிஐ உள்ள சுட்டுச்சுன்னு இன்ஃப்ராரெட் (சூட்ட வச்சு படம் புடிக்கிற கேமரா) வீடியோவ வச்சு வாதாடுது. 2000ல வந்த விசாரணை ரிப்போர்ட் அப்படி இல்லன்னு சொல்லிருச்சு, அதையும் தெரிஞ்சுக்கிட்டு பாருங்க.

என்னைக் கேட்டா இந்த மாதிரி டாக்குமெண்டரில 'லெட் த ஃபயர் பர்ன்'தான் பெஸ்ட், இது வேக்கோ இல்ல, வேற கதை. 1985ல ஃபிலடெல்ஃபியாவுல மூவ்ங்கிற கூட்டம் இருந்த வீட்டு மேல போலீஸ் ஹெலிகாப்டர்லேருந்து குண்டு போட்டுது, 11 பேர் சாவு, 61 வீடு சாம்பல். படத்துல நரேட்டர் கெடையாது, புது பேட்டியும் கெடையாது, முழுக்க பழைய டேப்புதான். தப்பிச்ச பையன உக்கார வச்சு விசாரிக்கிற வீடியோ ஒண்ணு வரும், அவன் மெதுவா பதில் சொல்றப்ப சித்தப்பாவே பேசல. சப்டைட்டில் போட்டுக்குங்க, ஆடியோ அங்கங்க சொதப்பும்.