உள்ளே போன காற்று எப்படி வெளியே வரும்? – எம்.டி. அனஸ்தீசியா வைவா அனுபவம்

போன வாரம் ரிசல்ட் வந்தது. பாஸ், ரெண்டாவது அட்டெம்ப்டில். முதல் தடவை வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு கேஸ்தான்: பல நாள் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்து வந்தவருக்கு ட்ரக்கியல் ஸ்டெனோசிஸ், அதாவது மூச்சுக்குழாய்ச் சுருக்கம். மிச்சமிருந்த வழி 5 மி.மீ. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஸ்ட்ரைடார் (அடைப்பால் வரும் கீச்சு மூச்சுச் சத்தம்).

"எப்படி வென்டிலேட் பண்ணுவே?" என்று எக்ஸாமினர் கேட்டதும் "ஜெட் வென்டிலேஷன் சார்" என்றேன். அதுவரை இங்கிலீஷில் பேசியவர் தமிழுக்கு மாறினார். "சரிம்மா, உள்ள போன காத்து எந்த வழியா வெளிய வரும்?"

பதில் தெரியும். ஜெட் காற்றைப் பிரஷர் கொடுத்துத் தள்ளுகிறது. வெளியே வருவதோ நுரையீரலும் நெஞ்சும் தானாகச் சுருங்குவதால் மட்டும்தான். வழி அடைபட்டால் காற்று தேங்கித் தேங்கி நியூமோதோராக்ஸில் (நுரையீரலிலிருந்து காற்று கசிந்து நெஞ்சுக்கூட்டுக்குள் சேர்வது) முடியும். இவ்வளவும் தெரிந்தும் வாயில் வரவில்லை. ஆறு மாதம் போச்சு.

அதனால் என் ஒரே யோசனை: எந்த முறையைச் சொன்னாலும் அடுத்த வாக்கியத்திலேயே காற்று வெளியேறும் வழியையும் சொல்லிவிடுங்கள்.

ரிசெக்‌ஷன் கேஸை, அதாவது சுருங்கிய பகுதியை வெட்டி எடுத்து முனைகளைத் தைக்கும் ஆபரேஷனை, நான் படம் போட்டுத்தான் படித்தேன். மனப்பாடம் எனக்கு ஒத்துவராது. நோயாளியின் சொந்த மூச்சு நிற்காமல், செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவில், மயக்கம் தொடங்கும் இண்டக்‌ஷன். ட்ரக்கியாவை வெட்டியதும் சர்ஜன் கீழ்முனையில் ஸ்டெரைல் ஆர்மர்ட் (கம்பிச் சுருள் வைத்த, மடங்காத) டியூப் வைப்பார். ஸ்டெரைல் சர்க்யூட்டின் மறுமுனை ட்ரேப் துணியைத் தாண்டி நம் கைக்கு வரும். இதுதான் கிராஸ் ஃபீல்ட். பின்சுவர்த் தையலுக்காக அந்த டியூபை அடிக்கடி எடுப்பார்கள், அந்த நேரத்தைச் சத்தமாக எண்ணுங்கள். பிறகு வாய் டியூபைத் தையலுக்குக் கீழே இறக்கிவிட்டு முன்சுவரை மூடுவார்கள். வெட்டு கரைனாவை (மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம்) நெருங்கினால் கிராஸ் ஃபீல்ட் டியூப் இடது ப்ராங்கஸுக்குள் (இடது நுரையீரலுக்கான கிளைக்குழாய்) போகும். அப்புறம் ஒரு நுரையீரலுக்கு மட்டும் காற்று, ஒன் லங்தான்.

மற்றவை:
- ஜெட் என்றால் டிவா (மயக்க மருந்து முழுக்க நரம்பு ஊசி வழியாக). மயக்க வாயு தரும் வேப்பரைசரை நம்ப முடியாது.
- லேசர் வந்தால் ஆக்சிஜன் 30%க்கு மேல் வேண்டாம்.
- ஃபிக்ஸட் (மூச்சை இழுத்தாலும் விட்டாலும் மாறாத) அடைப்பில், காற்றோட்டத்தைக் காட்டும் ஃப்ளோ வால்யூம் லூப் வரைபடம் இரண்டு பக்கமும் தட்டை.
- த்ரைவ் (மூக்கு வழியாக வேகமாகச் செலுத்தும் ஈரமான ஆக்சிஜன்): 2015 ஆய்வு, 25 பேர், மீடியன் ஆப்னியா (மூச்சில்லாத நேரம்) 14 நிமிடம். வழி திறந்திருந்தால்தான் பலிக்கும்.
- எக்மோவை (உடலுக்கு வெளியே ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் மெஷின்) இண்டக்‌ஷனுக்கு முன்பே சொல்லுங்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் சாச்சுரேஷன் விழுந்தபின் சொன்னால் திட்டு நிச்சயம்.
- முடிந்ததும் டேபிளிலேயே எக்ஸ்டியூபேஷன் (டியூபை எடுப்பது). கழுத்து நிமிராமல் இருக்கப் போடும் தாடை–நெஞ்சுத் தையலை மறக்காதீர்கள்.

இந்த முறையும் ஏர்வே கேஸ்தான் விழுந்தது. எக்ஸாமினர் கேட்குமுன்னே காற்று வெளியேறும் வழியைச் சொன்னேன். "ம்" என்றுவிட்டு மெஷின் பற்றிக் கேட்கும் அடுத்த டேபிளுக்கு அனுப்பிவிட்டார்.